நல்ல அதிகாரிக்குப் புள்ளடி

1. முதல் நாளே எல்லோரும் பாஸ்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரு கதிரையும் ஒரு சிவப்புப் பேனையும் ஒரு கட்டு விடைத்தாளும் தந்தார்கள். கதிரைக்கு ஒரு கால் ஆட்டம். பேனையை உதறி உதறித்தான் எழுத வேண்டும். விடைத்தாள்களில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதல் நாளே சந்தேகப்படுகிறவளுக்கு யார் தேநீர் தருவார்கள்?

அது கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு மொழிப் பயிற்சி நிலையம். சிங்களம் பேசும் அரச ஊழியர்களுக்குத் தமிழ் படிப்பித்து, பரீட்சை வைத்து, சான்றிதழ் கொடுக்கிற இடம். கம்பளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை, கேட்டல் பரீட்சை தயாரிக்கும் பிரிவுக்கு எடுத்திருந்தார்கள். வீட்டில் இதை விளங்கவைக்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "காதுக்குப் பரீட்சையா? அப்ப ஒனக்கு டொக்டர் சம்பளமா?" என்று என் கணவர் கேட்டார்.

கேட்டல் பரீட்சை என்றால் இதுதான். மண்டபத்தில் ஸ்பீக்கரில் ஒரு தமிழ் உரையாடல் ஓடும். அதை நாங்கள் 'ட்ரெக்' என்போம். பரீட்சார்த்தியின் கையில் இருக்கும் தாளில் கேள்வி சிங்களத்தில் இருக்கும். கேள்விக்குப் பெயர் 'ஐட்டம்'. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நான்கு விடை. ஒன்று சரி, மற்ற மூன்றும் ஆளை விழுத்துவதற்கு. அந்த மூன்றுக்கும் 'டிஸ்ட்ராக்டர்' என்று பெயர். சரியான விடைக்குப் புள்ளடி போட வேண்டும். இவ்வளவுதான். இதற்காக நாங்கள் கூட்டம் கூடி, பிஸ்கட் சாப்பிட்டு, மாதக்கணக்கில் சண்டை பிடிப்போம்.

அன்றைக்கு வந்த விடைத்தாள்கள் வைத்தியசாலை ஊழியர்களுடையவை. தகவல் கவுண்டரிலும் டெலிபோனிலும் உட்காரப் போகிறவர்கள். முதல் பகுதியில் சிலர் நன்றாகச் செய்திருந்தார்கள், சிலர் சுமார். இரண்டாம் பகுதிதான் கஷ்டமானது. அதில் எல்லோரும் வெளுத்து வாங்கியிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் இரண்டாம் பகுதியில் ஒரு புள்ளடிகூடப் போடவில்லை. அவருக்கு நான் சைபர் போட்டேன்.

எங்கள் பிரிவின் தலைவர் சிவபாதம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் இங்கே வந்து உட்கார்ந்தவர். அவர் சப்பாத்தில் தூசி இருக்காது, வாக்கியத்தில் பிழை இருக்காது. அந்த வினாத்தாள் அவர் கைப்பட எழுதியது.

"பாத்தீரோ பிள்ளை? இப்பிடி ஒரு ரிசல்ட்ஸ் இந்த நிலையத்தில வந்ததே இல்லை."

"ஒருத்தர் மட்டும் பெயில் சேர்."

"ஒருத்தராவது பெயிலாகத்தானே வேணும். இல்லாட்டிக் கொழும்பில சந்தேகப்படுவினம்."

அவர் மகிழ்ச்சியோடு எழுந்து போய், சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு மண்டபம் பதிவுசெய்யச் சொன்னார். மேளக் குழுவுக்கும் ஆள் அனுப்பினார்கள்.

2. அந்த ஒருத்தர்

அந்த வாரமே அந்த ஒருத்தர் நேரில் வந்தார். கதவைத் தட்டவில்லை, தள்ளினார். பெயர் நில்மினி. வத்தேகம பக்கம் ஒரு சிறிய வைத்தியசாலையில் தகவல் கவுண்டரில் வேலை. சிங்களப் பெண்தான், ஆனால் பேசியது அசல் தேயிலைத் தோட்டத்துத் தமிழ். கவுண்டருக்கு வருகிற ஆட்களோடு சண்டை பிடித்தே கற்றுக்கொண்டது என்று பிறகு பெருமையாகச் சொன்னார்.

"யாரு மிஸ் எனக்கு சைபர் போட்டது?"

"நான்தான். நீங்க ஒண்ணும் எழுதலயே?"

"ஒண்ணும் கேக்கலயே! முதல் பகுதியில பேசிச்சு. ரெண்டாம் பகுதிக்கு ஒங்க பெட்டி செத்துப்போச்சு. சும்மா உஸ்ஸுன்னு காத்து. நான் கையத் தூக்கினேன். மேற்பார்வை ஐயா வந்தாரு. சத்தம் இல்ல ஐயான்னு சொன்னேன். அவர் என்னா சொன்னாரு தெரியுமா? 'நோனா, இது கேட்டல் பரீட்சை. ஒங்களுக்குக் கேக்கலன்னா பெயிலாப் போவீங்க, அதுக்குத்தான் பரீட்சை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். சான்றிதழ் இல்லையென்றால் கவுண்டர் வேலை அவருக்குக் கிடையாது. இடமாற்றக் கடிதம் தயாராக இருக்கிறது, பொலன்னறுவைப் பக்கம்.

"மகள் இங்க ஸ்கூல் மிஸ். புருஷனுக்கு இங்க வேலை. மாமியாவ விட்டுட்டுப் போனா ஊரே ஏசும். கூட்டிட்டுப் போனா நான் செத்துருவேன். எனக்குக் காது நல்லா இருக்கு. வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

எங்கள் ஒலிப்பதிவாளர் ரிஸ்வானைக் கூப்பிட்டேன். அக்குறணைப் பையன். வீட்டில் டைல்ஸ் கடை இருந்தும் அதை விட்டுவிட்டு மைக்குகளோடு குடும்பம் நடத்துகிறவன். அவன் இரண்டாம் ட்ரெக்கைப் போட்டான். உஸ்ஸென்று சத்தம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் உஸ்ஸென்றது. பிறகு தூரத்தில் ஒரு கோழி கூவியது. பிறகு ட்ரெக் முடிந்தது.

"அக்கா," என்றான் ரிஸ்வான், குரல் இறங்கிப்போய். "மைக் வயர் கழண்டு ஈந்திருக்கு. லெப்டொப்புட ஓட்ட மைக்தான் எடுத்திருக்கு. கொரல் குடுத்த ரெண்டு பேரும் அடுத்த ரூம்ல பேசினது இதுல ஒண்டுமே இல்ல."

"அப்ப மத்த எல்லாரும் எதைக் கேட்டு எழுதினாங்க?"

"கோழியக் கேட்டுத்தான்," என்றார் நில்மினி.

பிற்பாடு அந்தப் பரீட்சார்த்திகள் சிலரிடம் நான் விசாரித்தேன். எல்லோருக்கும் ஒரே கதைதான். தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவர் குனிந்து எழுதுகிறார், பக்கத்தில் இருப்பவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கவனமாகக் கேட்கிறார். கேட்டல் பரீட்சையில் எழுந்து நின்று எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? ஆகவே எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கேட்பதுபோல நடித்து, புள்ளடியைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

3. சோமே ஐயாவின் திறமைச் சித்தி

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நாலில் ஒன்றுதான் சரிவரும். இவர்கள் எப்படி எல்லாவற்றையும் சரியாகக் குறித்தார்கள்?

எங்கள் வாகனச் சாரதி சோமே ஐயா வெளியே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ், சாப்பாட்டுக் கடையில் கேட்கத் தேவையான அளவுதான். கேள்விகள் சிங்களத்தில்தானே இருக்கின்றன. தாளை அவரிடம் கொடுத்து, "சும்மா போட்டுப் பாருங்க ஐயா" என்றேன். ட்ரெக் எதுவும் போடவில்லை. அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே புள்ளடி போட்டார்.

ஒன்றைத் தவிர எல்லாம் சரி. எங்கள் கணக்கில் அது திறமைச் சித்தி, உயர்ந்த பாஸ்.

"எப்படி ஐயா?" என்று கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது ('மாத்தயா' என்றால் ஐயா): "எல்லாக் கேள்வியிலும் ஒரு நல்ல மாத்தயா இருக்கார் மிஸ். வந்தவங்கள உக்காரச் சொல்றாரு, தண்ணி குடுக்குறாரு, உடனே வேலைய முடிச்சுக் குடுக்குறாரு. அந்த மாத்தயாவுக்குப் புள்ளடி போட்டேன். ஒரு கேள்வியில ரெண்டு நல்ல மாத்தயா இருந்தாங்க. அதுலதான் ஏமாந்துட்டேன்."

நான் வினாத்தாளை வாங்கி மீண்டும் படித்தேன். சொன்னது அப்படியே உண்மை. 'நோயாளியின் உறவினர் வந்தபோது உத்தியோகத்தர் என்ன செய்தார்?' விடைகள்: கோபித்தார், பிறகு வரச் சொன்னார், கவனிக்காமல் இருந்தார், அன்போடு வரவேற்று உரிய இடத்துக்கு அழைத்துச் சென்றார். இதற்கு ட்ரெக் எதற்கு? காதே எதற்கு? பரீட்சை எழுதியவர்கள் அரச ஊழியர்கள். அரசாங்கத் தாளில் அரசாங்க உத்தியோகத்தர் எப்படி நடந்துகொள்வார் என்று அவர்களுக்குத் தெரியாதா?

சோமே ஐயாவின் தாளோடு நில்மினியையும் கூட்டிக்கொண்டு சிவபாதம் சேரின் அறைக்குப் போனேன். சேர் முதலில் கோழியைக் கேட்டார். பிறகு சோமே ஐயாவின் தாளைப் பார்த்தார்.

"சோமே கெட்டிக்காரன்," என்றார்.

"சேர், அவருக்குத் தமிழ் தெரியாது."

"தெரியாதெண்டு உமக்கு ஆர் சொன்னது? ஒருவேளை தெரிஞ்சும் மறைக்கிறானோ?"

"அப்ப எனக்கு என்னா சேர்?" என்றார் நில்மினி. "நான் பொலன்னறுவைக்கா?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, விழாவுக்கு எல்லாம் சொல்லியாச்சு. பிரதம விருந்தினர் வாறார். மேளம் வருது. பாற்சோறுக்கும் காசு குடுத்தாச்சு. இப்ப போய் இது பிழைச்சுப்போச்செண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

நில்மினி எழுந்து, இந்த முறை கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். பஸ்ஸில் கம்பளைக்குத் திரும்பும்போது முழு வழியும் கோபத்தில் இருந்தேன். ஒரு மண்டபம் நிறைய ஆட்களில் ஒரே ஒருத்திதான் உண்மையாகவே கேட்டாள், அவளைத்தான் நாங்கள் பெயிலாக்கியிருக்கிறோம். பாற்சோறு ஆறிப்போகுமாம்!

மறுநாள் காலையில் சேர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை.

"ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ரை மனுசியிட்டை அந்தப் பேப்பரைக் குடுத்துப் பாத்தனான். கேள்வியைத் தமிழில வாசிச்சுக் காட்டினன், ட்ரெக் போடேல்லை. முழுதும் சரி. ஒண்டுகூடப் பிழைக்கேல்லை. முடிச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறா. 'உங்களுக்குச் சம்பளமும் தாறாங்களே இதுக்கு' எண்டு கேக்கிறா."

நான் சிரிக்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பரீட்சையைத் திருப்பி வைப்பம்," என்றார் சேர். "அந்தப் பிள்ளையின்ரை இடமாற்றத்தை அதுவரைக்கும் நிறுத்தச் சொல்லி நானே எழுதுறன். ஆனா விழா நடக்கும்."

விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், மேளம் அடித்தார்கள், பாற்சோறு சாப்பிட்டார்கள், பிரதம விருந்தினர் மொழி ஒரு பாலம் என்று நீளமாகப் பேசினார். சான்றிதழ் பின்னர் தபாலில் வரும் என்று கடைசியில் ஒரு வரி சொன்னோம். அதையும் யாரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள்.

4. கெட்ட உத்தியோகத்தரைப் பெற்றெடுத்த கதை

மறுபரீட்சைக்கான புதிய ஸ்கிரிப்ட்டைச் சேர் என்னை எழுதச் சொன்னார். நான் எழுதிய முதல் உரையாடலில், ஒரு கவுண்டர்காரர் போனில் சலிப்போடு "நாளைக்கு வாங்க, இன்னைக்கு டொக்டர் இல்ல" என்று சொல்வார். சேர் அந்த வரியைச் சிவப்பால் வெட்டினார்.

"அரசாங்க உத்தியோகத்தர் ஒருத்தர் இப்பிடிக் கதைக்கிறதை நாங்கள் ரெக்கோர்ட் பண்ணிக் குடுக்கேலுமோ?"

"டொக்டர் இல்லாட்டி வேற எப்படி சேர் சொல்றது?"

"டொக்டர் இருக்கட்டுமே. எழுதுறது நீர்தானே."

இப்படியே போனது. நான் பஸ் பிந்தியதாக எழுதினால் அவர் நேரத்துக்கு வரவைப்பார். மருந்து முடிந்துவிட்டதாக எழுதினால் அவர் பேனையாலேயே மருந்து வரவழைப்பார். நான் ஒரு நோயாளியை மறதிக்காரராக்கினேன், அவர் குணப்படுத்திவிட்டார். இப்படி ஒரு நாட்டில் வாழக் கொடுத்துவைக்க வேண்டும் என்று நான் ரிஸ்வானிடம் சொன்னேன். கடைசியில் சேரிடம், "நல்ல மாத்தயா உள்ள வந்தா சோமே ஐயா மறுபடியும் பாஸாகிடுவார் சேர்" என்றேன். அன்றைக்குத்தான் டொக்டர் இல்லாமல் போக அனுமதி கிடைத்தது.

ஸ்கிரிப்ட் சரியானதும் குரல் பிரச்சினை வந்தது. நிலையத்தில் யாரைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்காரவைத்தாலும் வானொலிச் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். சமையலறையில் இருக்கும் மாரியாயி அக்கா என்னோடு ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை பேசுகிறவர். மைக்கைக் கண்டதும், "வணக்கம். எனது தகப்பனார் சுகவீனமுற்றுள்ளார்" என்றார். கம்பளைச் சந்தையில் மரக்கறி விற்கும் என் மச்சானைக் கூட்டிவந்தேன். அவன் தொண்டையைச் செருமி, "அன்புள்ள வைத்தியர் அவர்களே" என்று ஆரம்பித்தான். போன் எடுத்து அப்படிப் பேசுகிற ஒருவனையும் நான் கண்டதில்லை. அவனே என்னோடு போனில் பேசினால் "ஆ, என்னா, சொல்லு, வை" என்பதைத் தாண்டமாட்டான்.

வழி கண்டுபிடித்தது ரிஸ்வான்தான். ஒரு நாள் சோமே ஐயா அவன் வீட்டுக்கு ஒரு சாமானை எடுத்துப் போக வேண்டியிருந்தது. ரிஸ்வான் தன் தாய்க்கு, அதாவது உம்மாவுக்கு, போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, வழி சொல்லச் சொன்னான். சோமே ஐயாவின் சார்பில் என்னைக் கேட்கவைத்தான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"மகள், செல்லுறன் கேளுங்க. பள்ளியத் தாண்டி வாங்க. முந்தி பேக்கரி ஈந்த எடம் ஈக்குதே, இப்ப போன் கட, அங்க திரும்பவாணாம். அதுக்கு மேல ஒரு மரம் ஈந்திச்சு, வெட்டிட்டாங்க. அந்த மரத்துக்கிட்ட திரும்புங்க. ஹாஜியார்ட லொறி நின்டா அந்த வழியால வரேலா, பொறத்தால சுத்தி வாங்க. லொறி இல்லாட்டி நேரா வாங்க. இரிங்க, பாத்துச் செல்லுறன்... லொறி நிக்கிது. இல்ல இல்ல, போகுது. நேராவே வாங்க!"

எங்கள் நிலையம் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு ட்ரெக் கிடைத்ததில்லை. இல்லாத பேக்கரி, வெட்டிய மரம், போகிற லொறி. இதில் எந்த நல்ல மாத்தயாவும் வந்து உதவ முடியாது. காது இருந்தால்தான் வீடு போய்ச் சேரலாம். உம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டபோது அவர் பதறிப்போனார்.

"அல்லாஹ்வே, என்ட கொரல் அரசாங்கத்துக்குப் போகுதா? அப்ப இத அழிச்சிடுங்க. நான் நல்ல தமிழ்ல பேசித் தாரேன்."

அவரைச் சமாதானப்படுத்த எனக்கும் ரிஸ்வானுக்கும் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. கடைசியில், பேரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். இப்போதும் அக்குறணையில் யாராவது வழி கேட்டால் யோசித்து யோசித்துத்தான் சொல்கிறாராம்.

5. சேரும் பரீட்சை எழுதினார்

ஒரு பேப்பரை வெளியே விடுமுன் தாய்மொழிக்காரர் ஒருவரை எழுதவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி, போன முறை அதை யாரும் செய்யவில்லை. அதை 'பைலட்' என்போம். இந்த முறை சேரையே எழுதச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார், பேனையின் மூடியைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. உம்மா பேசத் தொடங்கியதும் மூடியைக் கழற்றினார். முடிந்ததும், "இன்னொருக்காப் போடும்" என்றார். பரீட்சார்த்திகளுக்கு ஒரு முறைதான் என்று நினைவூட்டினேன்.

திருத்திப் பார்த்தோம். உம்மாவின் வழியில் சேர் பாதிக்கு மேல் பிழை. அவர் கணக்குப்படி சோமே ஐயா இன்னும் பேக்கரியில்தான் நிற்கிறார்.

அவர் தாளை வாங்கிப் புள்ளிகளைத் தானே மறுபடி கூட்டிப் பார்த்தார். கோபிப்பார் என்று ரிஸ்வான் பயந்து வயர்களைச் சுருட்டத் தொடங்கினான்.

"இந்த ஊரில எவ்வளவு காலமா இருக்கிறன்," என்றார் சேர். "பக்கத்து ஊர் மனுசி சொல்லுற வழி எனக்கு விளங்கேல்லை. சிங்களப் பிள்ளையளுக்கு முதல் எனக்கொரு கிளாஸ் வையும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "விளங்கேல்லையெண்டு சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு பாரும். அந்த நில்மினிப் பிள்ளை மண்டபத்தில எழும்பி நிண்டு சொல்லியிருக்கு."

அன்றைக்கு அவர்தான் முதலாவது ஐட்டத்தை எழுதினார். ட்ரெக்கில் கொஞ்ச நேரம் வெறும் அமைதி. கேள்வி: பேசுபவர் யார்? விடைகள்: வைத்தியசாலை உத்தியோகத்தர், நோயாளியின் உறவினர், சாரதி, எவரும் பேசவில்லை.

"இதைச் சரியாப் போடுறவருக்குத்தான் மற்றதெல்லாம்," என்றார்.

6. மறுபரீட்சை

அதே மண்டபம், அதே ஆட்கள், அதே மேற்பார்வை ஐயா. ஸ்பீக்கர் மட்டும் புதிது. ரிஸ்வான் காலையிலிருந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நில்மினி கடைசி வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புமில்லை. இதில் பெயிலானால் கடிதம் மேசையில் இருக்கிறது என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

ரிஸ்வான் முதலாவது ட்ரெக்கைப் போட்டான். அமைதி. மண்டபம் முழுக்கத் தலைகள் குனிந்தன, புருவங்கள் சுருங்கின. முன்வரிசையில் ஒரு அம்மா, யாரோ சொல்வதை ஒத்துக்கொள்வது போல மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் கதிரை ஒன்று தடால் என்று விழுந்தது.

"மிஸ்! மறுபடியும் இல்ல! ஒங்க பெட்டி மறுபடியும் செத்துப்போச்சு!"

மேற்பார்வை ஐயா ஓடினார். நில்மினி பார்த்த பார்வையில் அவர் பாதி வழியில் நின்றுவிட்டார். "நீங்க வாய மூடுங்க ஐயா," என்றார் நில்மினி. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "போதும் மிஸ். நான் போறேன். பொலன்னறுவைக்கே போறேன். அங்க யாரும் மனுசர வச்சு இப்பிடி வெளையாட மாட்டாங்க."

இது பழுது இல்லை, இதுதான் கேள்வி என்று சொன்னால் விடை எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் வாசலைத் தாண்டிவிடுவார், அத்தோடு எல்லாம் முடிந்தது. அவர் பாதி மண்டபத்தைக் கடந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன்.

"நில்மினி, நில்லுங்க. ஒங்களுக்கு என்ன கேட்டுச்சோ அதைப் பேப்பர்ல போட்டுட்டுப் போங்க."

"ஒண்ணுமே கேக்கல மிஸ்! ஒருத்தரும் பேசவே இல்ல!"

"அப்ப அதையே போடுங்க."

அவர் நின்றார். கையிலிருந்த தாளை முதல் முறையாகக் குனிந்து பார்த்தார். வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். திரும்பிப் போய்க் கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

என் பக்கத்தில் நின்ற சேர் காதோடு சொன்னார்: "முதலாம் ஐட்டம் போச்சு பிள்ளை. மண்டபம் முழுக்க விடையைச் சொல்லிக் குடுத்தாச்சு. வெட்டி விடுவம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திருத்தும்போது கண்டது வேறு. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகும், முக்கால்வாசிப் பேர் 'வைத்தியசாலை உத்தியோகத்தர்' என்றே புள்ளடி போட்டிருந்தார்கள். நில்மினியின் பக்கத்துக் கதிரையில் இருந்தவரும் அப்படித்தான். ஒருத்தி எழுந்து நின்று, ஒருத்தரும் பேசவே இல்லை என்று தமிழில் கத்தியதை அந்த மண்டபத்தில் பெரும்பாலானோர் கேட்கவேயில்லை. ஐட்டத்தை நாங்கள் வெட்டவில்லை.

7. கொக்கிஸ்

அந்த முறை பாதிப் பேர் பெயில். கொழும்பிலிருந்து சேருக்கு ஏச்சு வந்தது. பெயிலானவர்களுக்கு மறுபடி வகுப்பு வைத்தோம், இந்த முறை உம்மாவின் ட்ரெக்கோடு. நில்மினி பாஸ். பெரிய புள்ளி என்று சொல்ல முடியாது. சேர் எழுதிய செந்தமிழ் அறிவித்தல் ஒன்றில் தடுமாறியிருந்தார். ஆனால் அக்குறணை வீட்டுக்கு ஒரு பிழையும் விடாமல் போய்ச் சேர்ந்திருந்தார். இடமாற்றக் கடிதம் ரத்தானது.

ஒரு பார்சல் கொக்கிஸ் பலகாரத்தோடு எங்களைப் பார்க்க வந்தார். மாமியார் சுட்டதாம்.

"அந்த முதல் கேள்விய வச்சது யாரு மிஸ்?"

சிவபாதம் சேர் எழுந்து ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கொக்கிஸ் மட்டும் அவர் கையில் இருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். உங்கள் பேப்பரை முதலில் தமிழ் தெரியாத சாரதியிடம் கொடுங்கள்; அவர் பாஸானால் கிழித்துப் போடுங்கள். மைக் வயரை இழுத்துப் பாருங்கள். எல்லோரும் தலையாட்டும் மண்டபத்தில் யாராவது கையைத் தூக்கினால், அவரிடம் முதலில் போங்கள்.

போன மாதம் என் சின்னம்மாவைப் பார்க்கப் போக வேண்டி, வேறொரு வைத்தியசாலைக்குப் போன் எடுத்தேன். பஸ்ஸில் இருந்தேன், ஒரே இரைச்சல். வார்ட் இலக்கத்தையும் பெயரையும் கடகடவென்று சொல்லி முடித்தேன். எப்போதும்போல "சரி, சரி, வாங்க" என்று வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுபக்கம் ஒரு இளம் சிங்களப் பெண்ணின் குரல், தட்டுத் தடுமாறிய தமிழில்:

"எனக்கு விளங்கல. மெதுவா, திரும்பவும் சொல்லுங்க."

அரசாங்கப் போனில் இதைவிட இனிய வார்த்தையை நான் கேட்டதில்லை. அடுத்த தரிப்பில் இறங்கி, சத்தமில்லாத ஓரமாக நின்று, முதலிலிருந்து சொன்னேன்.